பீனிக்ஸ் வீட்டு வாசலில் இலையே இல்லாத பால்செடி: திருகுகள்ளியா, வேறு ஏதாவதா?

செல்வி_பீனிக்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் அரிசோனாவுக்குக் குடிவந்தோம். இங்கே வாசலில் புல்லுக்குப் பதில் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு புதர், இடுப்பு உயரம். அடியிலிருந்து நூறு குச்சியாவது நேராக எழும்பி நிற்கிறது. இலை என்று ஒன்று கண்ணில் படவில்லை. சாம்பல் பூசிய பச்சை நிறம். காய்ந்துபோனது என்று நினைத்து வீட்டுக்காரர் ஒரு குச்சியை வெட்டினார். வெட்டின இடத்தில் வெள்ளைப் பால் பொலபொலவென்று வடிந்தது. சரி, உயிரோடுதான் இருக்கிறது. எனக்குப் பார்க்கத் திருகுகள்ளி மாதிரி தெரிகிறது. வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். வைத்துக்கொள்ளலாமா, பிடுங்கிவிடவா?

கரிசல்முருகன்
அக்கா, யோசிக்கவே வேண்டாம், பிடுங்குங்கள். எங்கள் ஊரில் திருகுகள்ளியை வேலிக்கு வைப்பார்கள். பால் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

நெவாடா_நாகராஜ்
அது காண்டலில்லா. என்னோடு வேலை செய்யும் மெக்சிகோக்காரரிடம் படத்தைக் காட்டினேன், பார்த்த உடனே பெயர் சொன்னார். அதிலிருந்துதான் மெழுகு எடுக்கிறார்கள். இதுவும் கள்ளி இனம்தான்.

வேம்பன்
பொறுங்கள் தம்பிகளா. முப்பது வருஷம் தாவரவியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் குறுக்கே வருகிறேன். பால் வடிவதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் ஆலமரமும் கள்ளிதான், பப்பாளியும் கள்ளிதான்.

காண்டலில்லா என்பது ஸ்பானிய மொழியில் சின்ன மெழுகுவத்தி. மெழுகு பூசின குச்சியாக நிற்கும் எதையும் அப்படிக் கூப்பிடுவார்கள். மெழுகுக்காகக் காய்ச்சும் காண்டலில்லா ஒரு யூஃபோர்பியா, அதாவது நம் கள்ளி வகை. ஆனால் சோனோரா பாலைவனத்தில் அதே பெயரில் வேறு செடிகளும் உண்டு. எனவே மெக்சிகோக்கார நண்பர் சொன்னதும் சரியாக இருக்கலாம், நாகராஜ் புரிந்துகொண்டது தவறாகவும் இருக்கலாம்.

செல்வி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் அம்மா. ஒன்று, குச்சி மேலே போகப் போகக் கிளை விடுகிறதா? இரண்டு, நுனியில் ஏதாவது இலை தெரிகிறதா? மூன்று, பூ. பூவைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

செல்வி_பீனிக்ஸ்
ஐயா, இன்று காலையில் போய்ப் பார்த்தேன். கிளை அநேகமாக இல்லை. ஒவ்வொரு குச்சியும் தரையிலிருந்து தனியாகத்தான் வருகிறது. கட்டைவிரலால் தேய்த்தால் சாம்பல் பூச்சு விரலில் ஒட்டுகிறது, கொழுக்கட்டைக்கு மாவு தொட்ட மாதிரி. தேய்த்த இடம் நல்ல பச்சை.

இலை இருக்கிறது! நான்தான் கவனிக்கவில்லை. இளம் நுனிகளில் மட்டும் நூல் மாதிரி இரண்டு இரண்டாக, எதிரெதிரே. ஒரு அங்குலம் இருக்கும். தொட்டதும் ஒன்று உதிர்ந்துவிட்டது.

நாலைந்து குச்சிகளின் நுனியில் மொட்டுக் கொத்து இருக்கிறது. விரிந்ததும் படம் போடுகிறேன்.

வேம்பன்
எதிரெதிர் இலை, உதிரும் இலை, மெழுகு பூச்சு, கிளை விடாத தண்டு. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பூ வரட்டும்.

கரிசல்முருகன்
இலையை உதிர்த்துவிட்டால் அது எப்படிப் பிழைக்கும் வாத்தியாரே?

வேம்பன்
தண்டே இலை வேலையைப் பார்க்கும். மேல்தோலில் இலைத்துளை, அடியில் பச்சையம், எல்லாம் தண்டிலேயே இருக்கிறது. மழை பெய்த கையோடு கொஞ்சம் இலை விட்டுப் பார்க்கும், ஈரம் குறைந்ததும் உதிர்த்துவிடும். அகன்ற இலை வைத்திருந்தால் அந்த ஊர் வெயிலில் தண்ணீர் முழுக்க ஆவியாகப் போய்விடும். குச்சி செங்குத்தாக நிற்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உச்சி வெயில் தலையில் விழும், விலாவில் விழாது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் இளவெயிலைத்தான் தண்டு முழு நீளத்துக்கும் வாங்கிக்கொள்ளும்.

பீனிக்ஸில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் காய்ந்த ஊர் அது. அங்கே ஜல்லிக்கு நடுவில், ஆள் இல்லாத வீட்டில் ஒரு செடி பிழைத்துக் கிடக்கிறது என்றால் சும்மா இல்லை.

செல்வி_பீனிக்ஸ்
பூ விரிந்துவிட்டது! படம் இணைத்திருக்கிறேன். வெளிர் மஞ்சள், கொஞ்சம் பால் நிறம். ஒரு கொத்தில் பத்துப் பன்னிரண்டு பூ, குடைக்கம்பி மாதிரி ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு பூவிலும் அஞ்சு இதழ் கீழே மடங்கித் தொங்குகிறது. மேலே அஞ்சு குட்டிக் கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறது. எங்கேயோ பார்த்த பூ மாதிரி இருக்கிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை.

மலர்விழி_மதுரை
எருக்கம்பூ! செல்வி, எருக்கம்பூவை நினைத்துப் பாருங்கள். நடுவில் கிரீடம் மாதிரி ஒன்று நிற்குமே. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டும்போது அதைத்தானே பார்த்துக்கொண்டே இருப்போம். அதே அச்சு, அளவு மட்டும் சின்னது.

வேம்பன்
மலர்விழி முந்திக்கொண்டாள். சபாஷ்.

கள்ளி வகையில் இப்படிப் பூ வரவே வராது. அங்கே பூ என்று நாம் நினைப்பது ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரே ஒரு சூலகமும் தனித்தனி மகரந்தத் தண்டுகளும் இருக்கும். செல்வி காட்டுவது எருக்கின் பங்காளி. அஸ்கிளேபியாஸ் என்ற பேரினம். அமெரிக்காவில் பால்களை என்பார்கள், மில்க்வீட். கிரேக்க மருத்துவக் கடவுளின் பெயரை லின்னேயஸ் இதற்கு வைத்தார்.

கரிசல்முருகன்
ஐயையோ, எருக்கா? வீட்டு வாசலில் எருக்கு முளைத்தால் குடும்பம் விளங்காது என்று எங்கள் ஆத்தா சொல்லும்.

மலர்விழி_மதுரை
முருகன், வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து பூஜை அறையில் வைப்பதும் நாம்தான். ஆள் இல்லாமல் பாழடைந்த வீட்டில்தான் எருக்கு முளைக்கும், அதனால் வந்த பேச்சு. செடி மேல் பழி போடாதீர்கள்.

டூசான்_தணிகை
தாமதமாக வருகிறேன். நான் இருப்பது டூசான், வாரக்கடைசியில் பாலைவனத்தில் நடப்பதுதான் பொழுதுபோக்கு. இந்தப் பக்கம் இலையில்லாத பால்களை இரண்டு. ஒன்று அஸ்கிளேபியாஸ் சுபுலாட்டா, இன்னொன்று அஸ்கிளேபியாஸ் அல்பிகன்ஸ். குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

அல்பிகன்ஸ் ஆளை விட உயரம் போகும், பத்தடிகூட. தண்டு இன்னும் வெளுப்பு, அடி கட்டையாகிவிடும். இலை மூன்று மூன்றாகச் சுற்றில் வரும். பாறைச் சரிவில் நிற்கும். சுபுலாட்டா மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும். இலை இரண்டிரண்டு. காட்டாற்று மணலிலும் சமவெளியிலும் இருக்கும். தோட்டங்களில் நடுவது பெரும்பாலும் இதுதான்.

பூவில் இன்னும் சுலபம். அந்த அஞ்சு கிண்ணம் நடுத்தலையை விட உயர்ந்து நின்றால் சுபுலாட்டா. குட்டையாக, நடுத்தலை வெளியே தெரிந்தால் அல்பிகன்ஸ். செல்வி, உங்கள் படத்தில் கிண்ணம் நன்றாக உயர்ந்திருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

'பாலைவனப் பால்களை' என்று மட்டும் சொன்னால் மொஹாவிப் பாலைவனப் பக்கம் இருக்கும் அஸ்கிளேபியாஸ் எரோசாவையும் சிலர் நினைத்துக்கொள்வார்கள். அதற்கு நல்ல அகல இலை. அது இதில்லை.

செல்வி_பீனிக்ஸ்
கிண்ணம் உயரம்தான் அண்ணா, நடுவில் இருப்பதை மேலே இருந்து எட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. இலையும் இரண்டுதான். சுபுலாட்டா என்றால் என்ன அர்த்தம்?

வேம்பன்
லத்தீனில் சுபுலா என்றால் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசி. குத்தூசி போல ஒடுங்கிக் கூரானது என்று பொருள். பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் டெக்கேன், 1844இல். கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா தொடங்கி மெக்சிகோவில் பாஹா கலிஃபோர்னியா, சோனோரா, சினலோவா வரை இதன் சொந்த ஊர்.

செல்வி, வீட்டில் உருப்பெருக்கி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நடுத்தலையின் பக்கவாட்டில் அஞ்சு செங்குத்துக் கீறல் இருக்கும். ஒவ்வொரு கீறலின் மேல்முனையிலும் ஒரு கறுப்புப் புள்ளி. ஊசிமுனையைக் கீறலின் அடியில் விட்டு மெதுவாக மேலே இழுங்கள். என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி_பீனிக்ஸ்
ஐயா!! நாலு பூ கெட்டது, அஞ்சாவதில் வந்துவிட்டது. போன் கேமராவுக்கு ஒட்டும் லென்ஸ் வைத்து எடுத்த படம் இது. கறுப்புப் புள்ளிதான் நடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கம்பி இறங்குகிறது. ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. அப்படியே காவடி. தைப்பூசக் காவடியை எறும்புக்குச் செய்த மாதிரி இருக்கிறது. பையன் என்னை விடவில்லை, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று மொத்தம் ஆறு எடுத்தோம்.

வேம்பன்
காவடி! இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன், எனக்குத் தோன்றவில்லையே. தராசு தராசு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மஞ்சள் பை ஒவ்வொன்றும் பொலினியம். மற்றப் பூக்கள் மகரந்தத்தைத் தூளாக விடும், காற்றில் கொஞ்சம், வண்டு மேல் கொஞ்சம். இது தன் மகரந்தத்தை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. பூச்சி தேன் குடிக்கக் கிண்ணத்தின் மேல் நிற்கும்போது கால் வழுக்கிக் கீறலுக்குள் இறங்கும். காலை மேலே இழுத்தால் கறுப்புப் புள்ளி ரோமத்தில் கவ்விக்கொள்ளும், காவடி முழுக்க வெளியே வரும். போகும் வழியில் கம்பி காய்ந்து பை திரும்பிக்கொள்ளும். அடுத்த பூவில் அதே மாதிரி கால் வழுக்கினால் பை மட்டும் கீறலுக்குள் சொருகிக்கொள்ளும். பூட்டும் சாவியும் மாதிரி. ஒரு பை உள்ளே போனால் ஒரு காய்க்கு வேண்டிய மகரந்தம் மொத்தமும் போய்விடும். போகவில்லை என்றால் ஒன்றும் இல்லை. அதனால்தான் பூ அத்தனை பூத்தும் நூற்றில் ஒன்றிரண்டுதான் காயாகும்.

பூக்களில் இந்தக் கட்டு ஆர்க்கிட் குடும்பத்திலும் எருக்குக் கூட்டத்திலும்தான். இரண்டுக்கும் உறவு கிடையாது, தனித்தனியாக வந்தது. ராபர்ட் பிரவுன் 1831இல் இந்த இரண்டு கூட்டத்தின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதில்தான் செல்லின் உட்கருவுக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயர் வைத்தார். பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சொல் இந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடமிருந்து வந்தது.

நெவாடா_நாகராஜ்
சரி, காண்டலில்லா விஷயத்தில் தோற்றேன். ஆனால் எருக்குக் குடும்பம் அஸ்கிளேபியடேசி என்று படித்த ஞாபகம். அதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா?

வேம்பன்
அரை மதிப்பெண். அந்தக் குடும்பத்தை 1810இல் தனியாகப் பிரித்தவரும் இதே பிரவுன்தான். 1998இல் மரபணு அடிப்படையில் வகைப்படுத்தியபோது அதைத் திரும்ப அலரிக் குடும்பமான அபோசைனேசிக்குள் சேர்த்துவிட்டார்கள். இப்போது எருக்கு, அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, நன்னாரி, வேலிப்பருத்தி எல்லாம் ஒரே வீடு. இலையில்லாமல் பிழைப்பதும் நமக்குப் புதிதல்ல. பொட்டல்காட்டில் பிடுங்கித் தின்போமே கள்ளிமுளையான், அது இதே குடும்பம். பெயரில்தான் கள்ளி.

கரிசல்முருகன்
கள்ளிமுளையான் எருக்குக்குச் சொந்தமா! அதைத் தொகையலாக அரைத்துத் தின்றிருக்கிறேன் ஐயா, அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது இருக்கலாமா?

மலர்விழி_மதுரை
முருகன் கேட்பது நியாயம். எருக்கம்பால் என் கண்ணில் பட்ட கதையைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது மாலைக்கு எருக்கம்பூ பறித்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டேன். வலியே இல்லை, அதுதான் ஏமாற்று. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது. டியூப்லைட்டைச் சுற்றி வானவில் வளையம். கண் மருத்துவர் பார்த்துவிட்டுக் கருவிழி வீங்கியிருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார். நாலைந்து நாளில் சரியானது. வலித்திருந்தால் உடனே கழுவியிருப்பேன். பட்ட அந்த நிமிஷமே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், கழுவிவிட்டு டாக்டரிடமும் போக வேண்டும். செல்வி, சுபுலாட்டா பாலையும் அதே மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

டூசான்_தணிகை
உறவு நெருக்கம் வேதியியலிலும் தெரிகிறது. கலோட்ரோபின் என்று ஒரு நஞ்சு. கலோட்ரோபிஸ் என்பது எருக்கின் பேரினப் பெயர், அதிலிருந்து வந்தது. மெக்சிகோவில் சோனோரா பல்கலைக்கழகத்துக்காரர்கள் சுபுலாட்டாவைப் பிரித்துப் பார்த்தபோது இதிலும் அதே கலோட்ரோபின் கிடைத்திருக்கிறது. இரண்டு கண்டத்தில் இரண்டு செடி, ஒரே சரக்கு. உயிரணுவில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. இந்த நஞ்சு அதை அடைத்துவிடும். இதயம்தான் முதலில் தடுமாறும்.

இப்போது கொஞ்சம் எதிர்வாதம். செல்வி, உங்கள் தெருவில் வேலியாக என்ன செடி இருக்கிறது? நான் சொல்கிறேன்: அரளி. பீனிக்ஸ் முழுக்க அரளிதான். அதே வகை நஞ்சு, ஆள் உயரத்துக்கு, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பால்களையின் கசப்புக்கு ஒரு பிள்ளை இரண்டாவது வாய் வைக்காது என்பது என் எண்ணம், ஆனால் அதை நம்பி விடச் சொல்லவில்லை. நாலு கல்லைச் சுற்றி வையுங்கள், பையனிடம் சொல்லி வையுங்கள், வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். பிடுங்க வேண்டாம்.

செல்வி_பீனிக்ஸ்
அரளி விஷயம் உண்மைதான், பின்பக்கம் வரிசையாக நிற்கிறது. யோசிக்கவே இல்லை. சரி, சின்னதாகக் கம்பி வேலி போட்டுவிட்டேன். செடி இருக்கட்டும்.

புதுப் பிரச்சினை: நேற்று இரண்டு அங்குல நீளத்தில் கன்னங்கரேல் என்ற குளவி, ஆரஞ்சு இறக்கை, பூவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சத்தத்தைக் கேட்டே உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

டூசான்_தணிகை
டாரன்டுலா ஹாக். பெரிய சிலந்தியைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு, பொரிந்து வரும் புழுவுக்குச் சாப்பாடாகப் புதைத்து வைக்கும் குளவி அது. கொட்டினால் பூச்சிக் கடிகளிலேயே மிகக் கொடிய வலிகளில் ஒன்று. ஆனால் பூவில் இருக்கும்போது அதற்குத் தேன்தான் கவனம், நாம் சீண்டாவிட்டால் நம்மைத் திரும்பியும் பார்க்காது. உங்கள் காவடியைத் தூக்கிக்கொண்டு போவதே இந்த மாதிரிப் பெரிய கால் உள்ள குளவிகள்தான். தூர நின்று போனில் பெரிதாக்கிக் காலைப் பாருங்கள், மஞ்சள் மூட்டை தொங்கும். சின்ன ஈ, சின்னத் தேனீ மாட்டினால் காலை இழுக்க முடியாமல் அங்கேயே செத்துத் தொங்கும்.

நெவாடா_நாகராஜ்
இதில் ரப்பர் எடுத்தார்களாமே, உண்மையா? பால் வருகிறது என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது.

வேம்பன்
முயற்சி செய்தார்கள். ரப்பர் வெளிநாட்டிலிருந்து வராமல் போனால் என்ன செய்வது என்று அமெரிக்காவுக்குப் பயம். 1921இல் ஹால், லாங் என்ற இருவர் வட அமெரிக்கச் செடிகளில் எதில் எவ்வளவு ரப்பர் என்று கணக்கெடுத்தார்கள். நம்பிக்கை தந்த வரிசையில் சுபுலாட்டாவும் இருந்தது. 1935இல் விவசாயத் துறை இந்த ஒரு செடியைப் பற்றியே தனி அறிக்கை போட்டது. கட்டுப்படியாகவில்லை, ரப்பரோடு பிசினும் சேர்ந்து வரும். பாலைவன ரப்பர் என்று கடைசியில் நிலைத்தது குவாயூலே. அது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர் வரப்பில் அரிப்பெடுக்க வைக்கும் பார்த்தீனியத்தின் கூடப்பிறந்தது.

இரண்டாம் உலகப் போரில் வேறொரு பால்களைக்கு யோகம் அடித்தது. உயிர்காப்புக் கவசத்துக்குள் அடைக்கும் இலவம்பஞ்சு ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஜப்பான் அதைப் பிடித்ததும் நின்றுபோனது. பள்ளிப் பிள்ளைகளைச் சாக்கோடு வயலுக்கு அனுப்பிப் பால்களைக் காய் பொறுக்க வைத்தார்கள். அது வடக்கே வளரும் அஸ்கிளேபியாஸ் சிரியாக்கா, செல்வி வீட்டுச் செடி இல்லை.

செல்வி_பீனிக்ஸ்
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முதலில் மஞ்சள் அசுவினி மொய்த்தது. தணிகை அண்ணா தனிமடலில் சொன்ன மாதிரி மருந்து எதுவும் அடிக்காமல் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினேன். குறைந்துவிட்டது.

பிறகு புழு வந்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. இலையே இல்லாத செடியில் எதைத் தின்னும் என்று பார்த்தால் மொட்டை, பூவை, தண்டின் தோலைச் சுரண்டித் தின்கிறது. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு என்று வீடே கொண்டாடினோம்.

டூசான்_தணிகை
முதுகில் எத்தனை ஜோடிக் கொம்பு? மோனார்க்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி. நடுவிலும் ஒரு ஜோடி இருந்தால் அது குயீன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சி.

செல்வி_பீனிக்ஸ்
பையனை எண்ணச் சொன்னேன். ஆறு என்கிறான். மூன்று ஜோடி. குயீன்தான்.

மலர்விழி_மதுரை
எங்கள் வீட்டுப் பக்கத்து எருக்கில் இருக்கும் வெந்தய வரியன் புழுவுக்கும் மூன்று ஜோடிதான். மோனார்க், குயீன், வெந்தய வரியன் மூன்றும் ஒரே பேரினம். நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துப் பறவையிடமிருந்து தப்பிக்கும் வித்தையும் ஒன்றுதான்.

கரிசல்முருகன்
செடிக்குச் செடி பங்காளி, புழுவுக்குப் புழு பங்காளி. அக்கா, காய் பிடித்ததா?

செல்வி_பீனிக்ஸ்
இத்தனை பூவுக்கு மொத்தம் மூன்று காய். மூன்று நான்கு அங்குலம் இருக்கும், கொம்பு மாதிரி கீழ்நோக்கித் தொங்குகிறது. நேற்று ஒன்று வெடித்துவிட்டது. தட்டையான பழுப்பு விதை, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பட்டு வால். விதை வேண்டுமென்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். எப்படி முளைக்க வைப்பது?

டூசான்_தணிகை
குளிர்ப்பெட்டியில் வைக்கத் தேவையில்லை, அது வடக்குப் பால்களைகளுக்கு. வெயில் காலத்தில் நேராக மண்ணில் ஊன்றச் சொல்லுங்கள். வேர் ஆழமாக இறங்கும் செடி, பிறகு இடம் மாற்றினால் பிழைப்பது கஷ்டம். எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கேயே போடட்டும்.

செல்வி_பீனிக்ஸ்
சொல்கிறேன் அண்ணா. பாதி விதைதான் மிஞ்சியிருக்கிறது, மீதியை ஒருத்தன் ஊதிக்கொண்டே தெருக்கோடி வரை போய்விட்டான்.